கல்லூரிக் கடிதத்தின் அடக்கவிலை

நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகைக் கவலை தோன்றியிருக்கிறது. பிள்ளைக்கு மேல்நாட்டு வணிகக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது பழைய கவலை. இன்றோ இரண்டு மூன்று கல்லூரிகள் ஒரே சமயத்தில் இடம் தருவதாக எழுதிவிடுகின்றன. எதற்குச் சம்மதம் எழுதுவது, எதை விடுவது என்று வாப்பாவும் பிள்ளையும் திகைக்கிறார்கள். கெடுவோ மூன்று நான்கு வாரங்கள்தாம். அந்த வாரங்களுக்குள் முடிவு செய்யப்படும் தொகை, பல குடும்பங்களில் ஒரு கடையின் முதலுக்குச் சமமானது. ஆதலால் இதைப் பற்றி விரிவாகவே எழுதலாம் என்று கருதினோம்.

இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டி ஒரே நாளில் நம் மேசைக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை பெரியது என்றா கேட்கிறோம்? சரக்கு விலையோடு கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், சுங்கத் தீர்வை, ஏற்றிறக்குக் கூலி, சேதாரம் எல்லாவற்றையும் கூட்டி அடக்கவிலை பார்க்கிறோம். அப்புறம், இந்தச் சரக்கு எந்தச் சந்தையில் விலைபோகும் என்று பார்க்கிறோம். பத்து வெள்ளி சாமானுக்கு இத்தனை விசாரணை செய்கிற நாம், பிள்ளையின் படிப்பு என்று வந்தவுடன் "எது பேர்போன காலேஜ்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பெயருக்கு மதிப்பில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பெயர் எந்த ஊரில், யாரிடம், எத்தனை காலம் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறோம்.

முதலில் இக்கல்லூரிகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். பாரிஸ் நகரில் 1819இல் வணிகம் கற்பிக்கவென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் வார்ட்டன் கல்லூரி 1881இலும், ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 1908இலும் தோன்றின. எம்.பி.ஏ. என்ற பட்டத்தை முதன்முதல் ஏற்படுத்தியது ஹார்வர்டே. பிரான்ஸ் நாட்டின் பொன்டேன்புளோவில் இன்சியாட் 1957இல் தொடங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் தன் வளாகத்தைத் திறந்தது. கோலாலம்பூரில் பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோனும் கைகோத்து 2015இல் ஆசிய வணிகக் கல்லூரியை ஏற்படுத்தின. அமெரிக்க வழக்கப்படி இப்படிப்பு இரண்டாண்டுக் காலம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் ஓராண்டு. இன்சியாடில் பத்தே மாதம். இந்தக் கால வித்தியாசத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கணக்கெல்லாம் இங்கேதான் மாறுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் குடும்பம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிப்பு முடிந்தபின் பிள்ளை எங்கே, என்ன செய்யப் போகிறான், அல்லது செய்யப் போகிறாள்? நம் குடும்பங்களில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வருவான் என்று வாப்பா மனத்தில் வைத்திருப்பார். நியூயார்க்கிலோ லண்டனிலோ நாலைந்து வருஷம் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று பிள்ளை மனத்தில் வைத்திருப்பான். இருவரும் ஒரே கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், காரணம் மட்டும் வேறு. கடன் பத்திரத்தில் கையெழுத்தான பிறகு இந்த வித்தியாசம் வெளிப்படுமானால் படிப்பும் கசந்துபோகும், உறவும் கசந்துபோகும்.

திரும்பி வந்து கடையை நடத்துவதே நோக்கமானால், பெரிய பாங்கிகளும் ஆலோசனைக் கம்பெனிகளும் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கின்றன என்ற பெருமையால் நமக்கு ஆகப் போவது கொஞ்சம்தான். அதற்காகச் சேர்க்கப்பட்ட கட்டணத்தை நாம் வீணே கொடுக்கிறோம். அத்தகைய பிள்ளைக்குக் குடும்ப வியாபாரத்தைத் தனிப் பாடமாக நடத்தும் இடங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஐ.எம்.டி. அதில் பெயர் பெற்றது. இன்சியாடிலும் அதற்கெனத் தனி மையம் உண்டு. தாயகத்தில் ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி.யும் பம்பாயின் எஸ்.பி. ஜெயின் நிலையமும், குடும்ப வியாபாரத்தில் இருப்போர் கடையை அறவே விட்டுவிடாமல் இடையிடையே சென்று படித்து வரும்படி பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. இந்த வழி நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. நல்ல உத்தியோகஸ்தனை உருவாக்கும் கல்லூரியும் நல்ல முதலாளியை உருவாக்கும் கல்லூரியும் ஒன்றாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இனி அடக்கவிலைக்கு வருவோம். கணக்கு சுலபமாக விளங்குவதற்காக உத்தேச எண்களை எடுத்துக்கொள்கிறோம். மலேசியாவில் மாதம் 6,000 வெள்ளி சம்பளத்தில் இருக்கும் ஓர் இளைஞனுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்கக் கல்லூரி. இரண்டாண்டுக் கட்டணம் 1,60,000 டாலர், அதில் 60,000 டாலர் உபகாரச் சம்பளமாகக் கழித்துத் தருகிறார்கள். மற்றது ஐரோப்பாவில் பத்து மாதப் படிப்பு. கட்டணம் 1,00,000 யூரோ, கழிவு ஏதுமில்லை. டாலருக்கு 4 வெள்ளி, யூரோவுக்கு 5 வெள்ளி என்று வைத்தால், முதலாவதற்குக் கட்டணம் 4,00,000 வெள்ளி, இரண்டாவதற்கு 5,00,000 வெள்ளி. பார்த்த மாத்திரத்தில் அமெரிக்கா ஒரு லட்சம் மலிவு. உபகாரச் சம்பளம் கிடைத்த பெருமை வேறு. வீட்டில் எல்லோரும் அதையே சொல்வார்கள்.

இப்போது பேரேட்டின் மறுபக்கத்தைத் திருப்புவோம். அமெரிக்காவில் இரண்டு கல்வியாண்டு சாப்பாடு, வாடகை, வைத்தியக் காப்புறுதி முதலியவற்றுக்கு 60,000 டாலர் என்றால், அது 2,40,000 வெள்ளி. ஐரோப்பாவில் பத்து மாதத்துக்கு 25,000 யூரோ, அதாவது 1,25,000 வெள்ளி. அடுத்தது பலரும் எழுத மறக்கும் பற்று: படிக்கும் காலத்தில் கைவிட்டுப் போகும் சம்பளம். இரண்டாண்டுப் படிப்பு ஏறத்தாழ 21 மாதம் பிடிக்கும். அதற்கு 1,26,000 வெள்ளி. பத்து மாதத்துக்கு 60,000 வெள்ளி. ஆகக் கூட்டினால் அமெரிக்கக் கடிதத்தின் அடக்கவிலை 7,66,000 வெள்ளி, ஐரோப்பியக் கடிதத்தின் அடக்கவிலை 6,85,000 வெள்ளி. ஒரு லட்சம் மலிவாய்த் தோன்றியது 81,000 வெள்ளி அதிகமாய் முடிகிறது.

இரண்டாண்டுப் படிப்பின் நடுவே கோடை விடுமுறையில் பத்து வாரம் போலச் சம்பள வேலை பார்க்க வாய்ப்புண்டு, அதில் இந்த வித்தியாசம் திரும்பிவிடலாம் என்பார்கள். உண்மைதான். அந்தக் கோடை வேலையே பின்னால் நிரந்தர வேலைக்கு வாசலாவதும் உண்டு. புதிய துறைக்கு மாற விரும்பும் பிள்ளைக்கு அது பெரிய நன்மை. ஆனால் கைக்கு வராத பணத்தை வரவில் எழுதுகிற கணக்கப்பிள்ளையை நாம் கடையில் வைத்துக்கொள்வதில்லை அன்றோ?

நாணய மாற்று நிலவரத்தை நம்மவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பணமாற்றுத் தொழிலிலேயே பலர் இருக்கிறோம். ஆனாலும் பிள்ளையின் கட்டணம் வேற்று நாட்டு நாணயத்தில், இரண்டு மூன்று தவணைகளில் கட்டப்பட வேண்டியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1997 மத்தியில் ஓர் அமெரிக்க டாலருக்கு மலேசிய வெள்ளி ஏறத்தாழ இரண்டரை. 1998 ஜனவரியில் அது 4.80ஐயும் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று நிலைநிறுத்தியது. 2005 ஜூலை வரை அந்த விகிதம் நீடித்தது. ஐம்பதினாயிரம் டாலர் கட்டணத்துக்கு 1,25,000 வெள்ளி ஒதுக்கி வைத்திருந்த குடும்பம், ஒரு வருஷத்துக்குள் 2,40,000 வெள்ளி தேட வேண்டிய நிலைமை. படிப்பைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளைத் திருப்பியழைத்துக்கொண்ட பெற்றோர் அன்று இருந்தார்கள். 2024 பிப்ரவரியிலும் வெள்ளி மீண்டும் 4.80 வரை இறங்கி, பின்னர் தேறியது. ஆகவே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய விகிதத்தில் கணக்கிடாமல், நூற்றுக்குப் பதினைந்து இருபது கூட்டிப் போட்டுக்கொள்வது நலம். அந்தக் கூடுதலைத் தாங்க முடியாத கடிதத்தை நாம் தாங்க முடியாத கடிதம் என்றே கொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூருக்கு அனுப்புவோரும் இதற்கு விலக்கல்ல. 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாறிவந்தன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் கொடுக்கிறோம்.

அடுத்தது பாஸ்போர்ட். ஒரே கல்லூரியின் ஒரே மாதிரிக் கடிதம் இருவருக்கு வந்தாலும், பாஸ்போர்ட்டைப் பொறுத்து அதன் மதிப்பு வேறுபடும். அமெரிக்காவில் படித்து முடித்தவர் அந்த மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற வகுப்பில் சேர்க்கப்பட்ட பாடத்திட்டமானால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். எம்.பி.ஏ. படிப்புகளில் சில இவ்வகுப்பில் அடங்கும், சில அடங்கா. கடிதம் அனுப்பிய கல்லூரிக்கு எழுதி இதைத் திட்டமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கப்பால் தங்கி உழைக்க எச்-1பி என்ற அனுமதி வேண்டும். ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றோர் இன்னும் 20,000 பேர் என்று அதற்கு வரம்பு. கேட்போர் தொகை அதைவிடப் பன்மடங்கு. ஆதலால் குலுக்கிப்போட்டே எடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் அழைக்கும் முதலாளி ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற பிரகடனமும் 2025 செப்டம்பரில் வெளிவந்தது. கடிதம் வந்த அன்றிருந்த சட்டம் பட்டம் வாங்கும் அன்று இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

சிங்கப்பூர்ப் பிரஜைகளுக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கதவு திறந்திருக்கிறது. 2004 ஜனவரியில் அமலுக்கு வந்த சிங்கப்பூர்–அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின்படி, எச்-1பி1 என்ற அனுமதி ஆண்டுக்கு 5,400 பேருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அது நிரம்பி வழிவதில்லை, ஆகையால் குலுக்கலும் இல்லை. அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அங்கேயே குடியேறும் எண்ணத்தோடு கேட்கலாகாது, அவ்வளவுதான். ஜோகூர்ப் பாலத்துக்கு இப்பாலுள்ள மலேசியப் பிள்ளைக்கு இந்தக் கதவு கிடையாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் மகன் சிங்கப்பூர்ப் பிரஜையாகவும் தம்பி மகன் மலேசியப் பிரஜையாகவும் இருப்பது நம்மிடையே சகஜம். அண்ணன் மகனுக்குச் சரியாய் அமைந்த அமெரிக்கக் கல்லூரியைப் பார்த்துத் தம்பியும் தன் மகனை அனுப்பினால், கடன் இருவருக்கும் ஒன்றாக இருக்கும், அதை அடைக்கும் வழி ஒன்றாக இராது.

பிரிட்டனில் 2021 முதல் பட்டதாரிகள் இரண்டாண்டு தங்கி வேலை தேட அனுமதி இருந்துவந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். மேலும், 2024 ஜனவரியிலிருந்து இத்தகைய பாடப் படிப்புக்குச் செல்வோர் மனைவி மக்களைத் தம்மோடு அழைத்துப்போக முடியாது. நம் பிள்ளைகளோ பெரும்பாலும் நான்கைந்து வருஷ உத்தியோக அனுபவத்துக்குப் பிறகே எம்.பி.ஏ.வுக்குப் போகிறார்கள். அதற்குள் பலருக்குக் கலியாணம் ஆகிவிடுகிறது. மருமகளை எங்கே விடுவது என்ற கேள்வியைக் கடைசி வாரத்தில் கேட்பதால் பயனில்லை. அமெரிக்காவுக்கு மனைவி கூடப் போகலாம், ஆனால் சம்பள வேலை பார்க்கக் கூடாது.

சிங்கப்பூரில் படித்து அங்கேயே வேலை பார்க்க நினைக்கும் மலேசியர் காம்பாஸ் என்ற புள்ளிக் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் புதிதாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்போருக்குக் குறைந்தது 40 புள்ளி வேண்டும். அரசாங்கத்தின் பட்டியலில் உள்ள உயர்தரக் கலாசாலையின் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்ற அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு 10 புள்ளி. பெயருக்கு உண்மையிலேயே விலை இருக்கிறது என்று நாம் மேலே சொன்னதற்கு இது ஓர் உதாரணம். பள்ளிப் படிப்பு முடித்து முதற்பட்ட வணிகப் படிப்புக்குச் சிங்கப்பூர் செல்லும் பிள்ளைகள், அரசாங்கக் கட்டண மானியம் பெற்றால் படிப்பு முடிந்து மூன்றாண்டு அங்கே வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இது தண்டனையல்ல. ஆனால் மகன் பட்டம் வாங்கிய மறுமாதமே பினாங்குக் கடையில் உட்காருவான் என்று நினைத்திருக்கும் வாப்பா, இந்த ஷரத்தை முன்கூட்டியே வாசித்திருக்க வேண்டும்.

கல்லூரிகள் ஆண்டுதோறும் தம் மாணவர்க்குக் கிடைத்த வேலை, சம்பளம் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகின்றன. அதன் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அது நம் பிள்ளைக்குரிய தொகை அன்று. பொறுமையாக உள்ளே புரட்டிப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் அறிக்கையில், நிரந்தர வேலை உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு வரிகள் பிரிக்கப்பட்டிருக்கும். நம் பிள்ளை இரண்டாவது வரி. அந்த வரியில், படிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தவர் நூற்றுக்கு எத்தனை? அவர்களில் அந்நாட்டிலேயே தங்கியவர் எத்தனை, ஊர் திரும்பியவர் எத்தனை? சம்பள விவரம் கொடுத்தவர்கள் எல்லோருமா, பாதிப் பேரா? நடுத்தரச் சம்பளம் சொல்கிறார்களா, சராசரி சொல்கிறார்களா? நாலு பேர் பெரிய சம்பளம் வாங்கிவிட்டால் சராசரி ஏறிவிடும். குடும்ப வியாபாரத்துக்குத் திரும்பியவர்களும் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் வேலை தேடியோர் கணக்கிலேயே வரமாட்டார்கள். இத்தனையையும் அறிக்கை சொல்லாவிட்டால் கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாம். இடம் தந்துவிட்ட மாணவனுக்கு அவர்கள் பதில் எழுதுவார்கள். அதோடு நம் நாட்டிலிருந்து அங்கே சென்ற ஆண்டு படித்து முடித்தவர் இருவரைத் தொடர்புபடுத்தித் தரும்படியும் கேட்பது வழக்கம். அவர்களோடு அரைமணி பேசினால் அச்சிட்ட புத்தகம் சொல்லாதது தெரியவரும்.

பேரம் பேசலாமா என்று சிலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். ஆனால் கடைவீதிப் பேரமல்ல, மரியாதையான கடிதம். ஹார்வர்ட், ஸ்டான்போர்டு போன்ற சில கல்லூரிகள் குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டுமே உதவித்தொகை தருகின்றன. அங்கே மற்றொரு கல்லூரியின் சலுகையைக் காட்டிப் பயனில்லை. திறமைக்கென்று உபகாரச் சம்பளம் தரும் கல்லூரிகளில், மற்றொன்று தந்திருக்கும் தொகையைக் கடிதத்தின் நகலோடு காட்டி, "எங்கள் விருப்பம் தங்கள் கல்லூரியே. தொகையைத் தயவுசெய்து மறுபடி பரிசீலிக்க முடியுமா?" என்று ஒருமுறை எழுதலாம். ஏற்றித் தருவதும் உண்டு, மறுப்பதும் உண்டு. கேட்டதற்காக இடத்தைப் பறித்துக்கொள்வதில்லை. ஆனால் இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொன்னால் பறித்துக்கொள்வார்கள், அது நியாயமுங்கூட. அச்சாரம் கட்டுவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும். கட்டிய அச்சாரம் பொதுவாகத் திரும்பி வராது. இரண்டு இடத்தில் அச்சாரம் கட்டிக் காலம் கடத்துவதைக் கல்லூரிகள் விரும்புவதில்லை, நமக்கும் நட்டம். பதில் வர இன்னும் பத்து நாள் தேவைப்பட்டால் கெடுவைத் தள்ளிவைக்கும்படி எழுதிக் கேட்பது மேல்.

பணம் எங்கிருந்து வருவது? கைமுதல் போதாத இடத்தில் கடன் என்று வரும்போது வட்டி குறுக்கிடுகிறது. நம்மவர்க்கு இது வெறும் கணக்கு விஷயம் மட்டுமன்று. படிப்புக் கடன் தரும் அமெரிக்க நிறுவனங்கள் பலவும் வட்டியோடு அந்நாட்டில் வசிப்பவர் ஒருவரின் ஜாமீனும் கேட்கும். குடும்பத்துக்குள்ளேயே நாலு பேர் சேர்ந்து அழகிய கடனாகக் கொடுத்து, பிள்ளை வேலைக்குச் சேர்ந்தபின் தவணையில் திருப்பித் தருவது என்று எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. எழுதிக்கொள்வது முக்கியம். வாய்ப்பேச்சில் நின்ற உதவி பின்னால் வழக்காக மாறுவதைக் காண்கிறோம். இவ்வாறு வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்துக்கு, கட்டணம் சற்று அதிகமானாலும் பத்து மாதத்தில் முடியும் படிப்பே ஏற்றதாகலாம். திரட்ட வேண்டிய மொத்தத் தொகை குறைவு, திருப்பும் காலமும் விரைவில் தொடங்கும்.

உறவினர் உதவியில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்கு, கட்டணத்தோடு ஒன்பது மாதம் வரையிலான ஜீவனச் செலவும் பாங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். அது மாணவர் பேரிலோ பெற்றோர் பேரிலோ இருக்கலாம். மாமா, சாச்சா பேரில் இருக்கும் பணம் அதற்குச் செல்லாது. மலேசியா, சிங்கப்பூர்ப் பிரஜைகள் இந்த அத்தாட்சியைப் பொதுவாக விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. எனினும் அதிகாரிகள் கேட்டால் காட்டியாக வேண்டும். ஆகையால் சாச்சா தருவதாகச் சொன்ன தொகையை உரிய பத்திரத்தோடு முன்கூட்டியே வாப்பாவின் கணக்குக்கு மாற்றிவைத்து 28 நாள் கடந்த பின்னரே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். இதோடு சுகாதார வரி ஆண்டுக்கு 776 பவுன் தனி. அமெரிக்காவுக்கோ மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் வேறு. இவையும் அடக்கவிலையில் ஏற வேண்டிய உருப்படிகளே.

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளின் முதற்சுற்றுக் கடிதங்கள் டிசம்பரிலும் இரண்டாஞ்சுற்றுக் கடிதங்கள் மார்ச்சிலும் வந்து சேரும். ஒரு கல்லூரியின் அச்சாரக் கெடு, மற்றொன்றின் பதில் வருமுன்னரே முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே விண்ணப்பம் அனுப்பும்போதே பதில் வரும் நாள், அச்சாரக் கெடு, அச்சாரத் தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்வது உத்தமம்.